பாசி எடுக்கும் அம்மா குற்றவாளியா?

வாசகர் கடிதம்:

"பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூர் எங்களுடையது. அம்மாவுக்கு 47 வயது. பத்து வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா எடுக்கும் பாசியில்தான் நான் மதுரையில் தங்கி விலங்கியல் படிக்கிறேன். சென்ற மாதம் வகுப்பில் மன்னார் வளைகுடாவைப் பற்றிப் பாடம் நடந்தது. பவளப்பாறைகளை அழிப்பவை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் 'கடற்பாசி சேகரிப்போர்' என்றும் இருந்தது. நான் யார் மகள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதே மாதம் ரோந்துப் படகில் வந்தவர்கள் அம்மாவின் பாசிப் பையைப் பறித்துக்கொண்டு, எதுவும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். ரேஷன் கடையில் அவர் ரேகை விழுவதில்லை. வியாபாரி ஈரம், மண் என்று சொல்லி எடையைக் கழிக்கிறார். முன்பணம் வாங்கியிருப்பதால் அம்மா வாய் திறப்பதில்லை. அம்மா செய்வது குற்றமா? அவரைத் தொழிலாளி என்று சட்டம் ஏற்குமா? இந்த வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?"

வழக்கறிஞரின் பதில்:

அன்பு மகளுக்கு,

உன் வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். ஆனால் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, வகுப்பில் நீ வாய் மூடி உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான் என்னை விடவில்லை. சட்டத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பட்டியலைப் பேசிவிடலாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளை யார் யார் அழித்தார்கள் என்று எழுதத் தொடங்கினால், முதல் வரியில் வரவேண்டியவர்கள் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு விற்றவர்கள். பல ஆண்டுகள் படகு படகாக அந்தக் கல் கரைக்கு வந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்குள் வந்தது. அதற்குப் பிறகே அந்த வெட்டு மெல்ல ஓய்ந்தது. அடுத்து, அடிமடி வலையால் கடலின் தரையை உழுத விசைப்படகுகள். அடுத்து, கரையிலிருந்து இறங்கும் கழிவு. பிறகு கடலே சூடேறியது. 2010-இலும் 2016-இலும் பவளம் வெளுத்து ஏராளமாகச் செத்தது. அந்தச் சூட்டை உன் அம்மாவா மூட்டினார்?

இன்னொன்றும் உன் பாடத்தில் வந்திருக்க வேண்டும். 'கப்பாபைகஸ்' என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும்படி நம் கரையில் பெண்களை ஊக்குவித்தார்கள். வருமானம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பாசி வளர்ப்பிடத்தை விட்டுக் கிளம்பி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதைக் கொண்டுவந்தவர்கள் யாரும் பாசி எடுக்கும் பெண்கள் இல்லை.

இதற்காக உன் அம்மாவின் வேலையால் கடலுக்கு ஒரு கீறலும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பவளத்தின் மேல் கால் ஊன்றினால் பவளம் உடையும். பாசியை அடியோடு பிய்த்தால் அடுத்த முறை அங்கே பாசி இருக்காது. இது நம் எல்லோரையும்விட அந்தப் பெண்களுக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கைப் புரிந்துகொள்ள அவர்களோடு ஒருநாள் வல்லம் என்ற நாட்டுப் படகில் போனேன். உங்கள் பக்கத்தில் வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள் இல்லையா? அந்த ஆண் கடலில்தான் இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கண்ணில் முங்குக் கண்ணாடி. இடுப்பில் வலைப் பை. இறங்கும் முன் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். பாறை விரலை அறுத்துவிடும், சொறி மீன் கொட்டிவிடும் என்றார்கள். ஒருவர் முங்கி எழுந்து ஒரு கொத்து மரிக்கொழுந்துப் பாசியை என் கையில் வைத்தார். "பாருங்கம்மா, அடி இல்லை. அடியைப் பாறையிலேயே விட்டுவிட்டேன். அது இருந்தால்தான் மறுபடி தழைக்கும்" என்றார். நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவான பாதுகாப்பு விதி இல்லை.

அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்திலும் ஒன்றரை மாதம் கடலில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். யாரும் சம்பளம் கொடுத்து அவர்களை நிறுத்தவில்லை. வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாசி எடுக்கும் பெண்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவில் 'சீகாலஜி' விருது கொடுத்தார்கள். தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான விருது அது. அடுத்த முறை அந்தப் பட்டியலைத் திரையில் பார்த்தால் எழுந்து நின்று இதைச் சொல். உன் பேராசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் மாற்றிக்கொள்வார்.

இனி சட்டம். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1986-இல் அந்தத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும், அங்கிருந்து எதையும் எடுத்து வருவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசிக்கு அதில் தனி விலக்கு கிடையாது. ஆகவே "அம்மா எதற்கும் பயப்பட வேண்டாம்" என்று நான் எழுதினால் உனக்குத் துரோகம் செய்தவளாவேன். பூங்காவின் எல்லைக்கு வெளியே எடுப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் கடலில் வேலி இல்லை. எல்லை எங்கே என்பது காவலர் சொல்வதும் வல்லக்காரர் சொல்வதுமாக ஒவ்வொரு நாளும் மாறுகிறது. அதனால் உங்கள் ஊர்ப் பெண்கள் சங்கமாகப் போய், எல்லையை வரைபடத்தோடு எழுத்தில் தரச் சொல்லி மனு கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

பையில் பாசியோடு ஒரு துண்டுப் பவளம்கூட வரக் கூடாது. இதை அம்மாவிடம் அழுத்திச் சொல். கடல் அட்டை, கடல் குதிரை எதுவானாலும் அப்படியே விட்டுவிட வேண்டும். அவை பையில் இருந்தால் வழக்கின் கனமே வேறு. பிறகு என்னைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் எவ்வளவு வாதாடினாலும் கடினம். வல்லத்தை விட்டு இறங்கும் முன் பையைக் கொட்டி உதறிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ரோந்துப் படகு மறித்தால் என்ன செய்வது? ஓட வேண்டாம், கைகலக்க வேண்டாம். பொருளைப் பறிமுதல் செய்தால் அதற்குரிய மகஜரை, அதாவது பறிமுதல் குறிப்பை, கேட்க வேண்டும்: எந்த இடம், எந்த நேரம், எத்தனை கிலோ, யார் எடுத்தது. பிடிபட்டவரையும் பறித்த பொருளையும் உடனே நீதித்துறை நடுவர் முன் கொண்டுபோக வேண்டும் என்று அதே வனவிலங்குச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. பையைப் பறித்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவது சட்டத்தில் இல்லை. எழுதாத தாளில் கையெழுத்தும் கைநாட்டும் ஒருபோதும் வேண்டாம். அந்தத் தாளில் பிறகு எது எழுதப்படுமோ, அது அம்மாவின் வாக்குமூலமாகிவிடும். சென்ற மாதம் போட்டுவிட்டார் என்றால், "வெற்றுத் தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கப்பட்டது" என்று தேதியிட்டு மாவட்ட ஆட்சியருக்கும் உரிய உயர் அதிகாரிக்கும் இன்றே பதிவுத் தபால் அனுப்பு. ரசீதைப் பத்திரமாக வை. சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். விதிவிலக்கான நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி நடுவரிடம் முன் அனுமதி பெற வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று நீ யோசிப்பாய். பெண் என்ற ஒரே காரணம் போதும், வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலும் கேட்கலாம்.

இதெல்லாம் தற்காப்பு. உரிமை என்று கேட்கப் போனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்குப் போக வேண்டும். வனம் என்றதும் மலையும் மரமும்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் வன நிலம் என்று சொல்லும்போது தேசியப் பூங்காவையும் சேர்த்தே சொல்கிறது. மீனும் மற்ற நீர்நிலைப் பொருள்களும் எடுக்கும் சமூக உரிமை 3-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்த வனத்தை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கடலுக்கு இது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். வெற்றி நிச்சயம் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் நல்ல வாதம், போட்டுப் பார்க்க வேண்டிய வாதம். பாசி வியாபாரமாகப் பெருகியதே 1960-களுக்குப் பிறகுதானே என்று மடக்குவார்கள். அதற்கு மடங்கிப் போகாதீர்கள். 75 ஆண்டுக் கணக்கு பாசிக்கு இல்லை, அந்தத் தீவுகளை நம்பி வாழ்ந்ததற்கு. உன் பாட்டியின் அம்மா எந்தத் தீவில் விறகு எடுத்தார், எந்தத் தீவில் ஊற்றுத் தண்ணீர் குடித்தார், எந்தத் தீவில் சாமி கும்பிட்டார்? ஊரில் 80 வயதைத் தாண்டியவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் அது தனியாகப் போதாது. கூடவே இன்னொரு சான்றாவது வேண்டும்.

இது தனி ஆள் போடும் மனுவும் இல்லை. கிராம சபை கூடி வன உரிமைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். கிராம சபைக் கூட்டத்துக்கு வந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இல்லையென்றால் கூட்டம் செல்லாது. சமூக உரிமைக்கான படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். தனியாள் படிவத்தைக் கொடுத்து அனுப்பினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வாக்குமூலங்களை எழுதும் வேலைக்கு உங்கள் ஊரில் உன்னைவிடப் பொருத்தமானவர் யார்? விடுமுறையில் ஒரு நோட்டோடு திண்ணை திண்ணையாகப் போ. எந்த மாதம் எந்தக் காற்று, எந்தப் பாறையில் எந்தப் பாசி, எப்போது எடுக்காமல் விடுவார்கள் என்று எல்லாவற்றையும் எழுது. விலங்கியல் படிப்பவள் நீ. அந்த நோட்டு நீதிமன்றத்துக்கும் உதவும், உன் துறைக்கும் உதவும்.

உன் இரண்டாவது கேள்வி என்னைக் கோபப்பட வைத்தது. கோபம் உன் மேல் இல்லை. அம்மாவுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லாததால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவரைத் தொடாது. எடுத்ததை விற்பவர் என்று ஒதுக்கிவிடும். ஆனால் அவர் எடுக்கும் பாசிதான் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகர் என்ற கூழ்ப்பொருள் ஆகிறது. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் அது இருக்கிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது தட்டில் வைக்கும் கடற்பாசி இனிப்பிலும் இருக்கிறது. உன் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றுவதும் அகர்தான். கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவிலான கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வளர்ப்போர் பெருகட்டும், நல்லதுதான். ஆனால் தலைமுறையாக முங்கி எடுத்தவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று கேட்காமல் போடும் பூங்கா எனக்கு உவப்பாக இல்லை.

அதனால் அம்மாவைப் பதிவேட்டில் ஏற்று. மீன்பிடித்தலோடு சேர்ந்த தொழில்களுக்கும் சேர்த்தே 2007-இல் மீனவர் நல வாரியச் சட்டம் வந்தது. உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "பாசி எடுப்பது மீன்பிடிப்பா?" என்று கேட்டால், மறுப்பை எழுதித் தரச் சொல். எழுதச் சொன்னால் பாதி மறுப்புகள் மறைந்துவிடும், என் அனுபவம் இது. கடலில் விபத்து நேர்ந்தால் கிடைக்கும் உதவி, உனக்கான கல்வி உதவி எல்லாம் அந்த வாரியத்தின் உறுப்பினர் அட்டையில்தான் தொங்குகின்றன. தடைக்கால நிவாரணப் பணம் அப்பா இருந்தபோது வந்ததா? அவர் இறந்த பிறகு நின்றுவிட்டதா? கணவன் போனதும் மீனவக் குடும்பம் என்ற பெயரும் போய்விட்டது போல நடத்துவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். குடும்பத் தலைவி அம்மா. அவர் பெயரில் கேளுங்கள். கூடவே அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையும் போட்டு வை. 59 வயதுவரை பதியலாம்.

ரேகை. ஒருமுறை ஒரு பாசிக்கார அம்மா என் அறையில் வக்காலத்தில் கைநாட்டு வைத்தார். மை தொட்டு, நானே அவர் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன். தாளில் விழுந்தது ஒரு வழவழப்பான நீலப் பொட்டு. ஒரு கோடுகூட இல்லை. இன்னொரு முறை வைத்தோம், அதேதான். "கடல் தின்றுவிட்டதம்மா" என்றார். உன் அம்மாவின் ரேகையும் அப்படித்தான் போயிருக்கும். ரேகை விழவில்லை என்பதற்காக ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது. கருவிழிப் பதிவு கேட்கலாம். அட்டையில் பெயர் இருப்பவர் யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம், ஊருக்குப் போகும்போது நீ வை. நீ இல்லாத மாதங்களில் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுது.

வியாபாரி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். முன்பணம் வாங்கியவரைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பினால் அடுத்த வாரம் பாசியை வாங்க ஆளிருக்காது. முதலில் அளவு. எடுத்த நாள், காயவைத்த எடை, வியாபாரி போட்ட எடை, கழித்தது, கொடுத்தது, முன்பணத்தில் வரவு வைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதட்டும். தராசு முத்திரையிடப்பட்டதா என்று பாருங்கள். முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம், அதையும் பத்துப் பெண்கள் சேர்ந்து கொடுங்கள். சங்கமே ஒரு தராசு வாங்கி, காயவைத்து, மொத்தமாக விலை பேசினால் பாதிச் சிக்கல் தீரும். முன்பணத்தை அடைக்கச் சுயஉதவிக் குழுக் கடன் வாங்குவது பற்றி யோசிக்கலாம். வியாபாரியின் கடனில் அவர் வைத்ததே விலை. குழுக் கடனில் அம்மா யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

வேலையை விடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். சொல்லாதே. விடுவதும் தொடர்வதும் அவர் முடிவு. காது வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, சொறி பட்ட இடம் ஆறியதா என்று கேள். ஆண்டுக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையில் காதையும் கண்ணையும் காட்டச் சொல். நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடு. மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கலாம் என்று யாராவது வந்தால், எந்தப் பாசி, எந்த இடம், நட்டம் வந்தால் யார் தாங்குவது என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு ஒருமுறை சட்ட உதவி மையத்துக்கு வா. ஆதார், ரேஷன் அட்டை, அப்பாவின் இறப்புச் சான்று, வியாபாரி கொடுத்த பழைய துண்டுச் சீட்டுகள் எதுவாக இருந்தாலும் எடுத்து வா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள் வேண்டாம். தண்ணீர் நன்றாக வற்றும் அந்த நாள்களில் அவர் கடலில் இருப்பார். இடையில் ஒரு நாளாகப் பார்த்து வாருங்கள், அவருக்கு வேலை கெடாது.

அன்புடன்,
உன் வழக்கறிஞர் அம்மா